சம்மந்தி வீட்டில் ஓர் அவதானிப்பு

கல்முனையில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் ஐம்பத்திரண்டு வயது ஆண் ஒருவன், பல்கலைக்கழகத்தில் இணைய வழியாகப் பிள்ளை விருத்தியும் குடும்ப உறவுகளும் படிக்கிறான் என்றால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். நானும் சேர்ந்து சிரித்தேன். மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"இஞ்சாருங்க, மகன் சின்னப் புள்ளயா இருக்கக்குள்ள பீ கழுவக் கூப்பிட்டா ரோட்டுக்குப் பாயிற ஆள் நீங்க. இப்ப புள்ள விருத்தி படிக்கப் போறீங்களா?"

"அதான் படிக்கப் போறன். அண்டைக்கு என்ன பிழை விட்டன் எண்டு பாக்க."

"அத என்னட்டக் கேட்டா நான் சொல்லுவன். கம்பஸ் வேணாம்."

படிப்பு என்னைத் தேடி வந்தது கடையில்தான். பாலர் பாடசாலை ஆசிரியைகள் தங்கள் பயிற்சிப் படிப்புக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய ஒப்படைகளை டைப் பண்ணக் கொண்டுவருவார்கள். வருடக்கணக்காக அவர்களுடைய கையெழுத்தோடு மல்லுக்கட்டி, பிள்ளை எப்போது குப்புறப் புரளும், எப்போது அந்நிய முகம் கண்டு அழும் என்றெல்லாம் டைப் பண்ணியிருக்கிறேன். எதுவும் மண்டையில் ஏறியதில்லை. ஒரு நாள் ஓர் ஆசிரியை எழுதியிருந்தாள், பிள்ளை நாளாந்தம் காணும் முகங்களோடுதான் பற்று வைக்கிறது என்று. கீபோர்டில் கை நின்றது. சம்மாந்துறையில் இருக்கும் என் பேரப்பிள்ளை நாளாந்தம் காணும் முகங்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். உம்மா, வாப்பா, உம்மாவின் உம்மா, உம்மாவின் வாப்பா, உம்மாவின் தங்கச்சிமாரான இரண்டு சாச்சிமார், ஒரு ஆடு. ஆடு எனக்கு முன்னால் நின்றது.

எங்கள் பக்கம் கலியாணம் முடித்த ஆண், பெண் வீட்டுக்குப் போய்விடுவான். வீடு பெண்ணுக்குரியது. நானும் அப்படித்தான் நிந்தவூரிலிருந்து கல்முனைக்கு வந்தேன். என் ஒரே மகன் கலியாணம் முடித்துச் சம்மாந்துறைக்குப் போய் மூன்றரை வருடம். மோட்டர் சைக்கிளில் போனால் இருபது நிமிசம். இருபது நிமிசம்தானே, அடிக்கடி போகலாமே என்று வெளியூர் ஆட்கள் கேட்பார்கள். போகலாம். ஆனால் சம்மந்தியாகப் போக வேண்டும். முதல் நாளே போன் எடுத்துச் சொல்ல வேண்டும். அயன் பண்ணிய சேட்டு, கையில் முந்திரிப்பழப் பை. முன் மண்டபத்தில் காட்டிய கதிரையில் இருந்து, தந்ததைச் சாப்பிட்டு, முக்கால் மணித்தியாலத்துக்குள் எழும்பிவிட வேண்டும். அதற்கு மேல் இருந்தால், மகனை வைத்திருக்கிற விதத்தில் குறை பார்க்க வந்திருக்கிறார் என்று நினைப்பார்கள். மனைவி அவனோடு நாளைக்கு இரண்டு தரம் போனில் கதைப்பாள். எனக்குப் போனைத் தந்தால் "சரி மகன், வேற?" என்பதற்கு மேல் வாய் வராது. கடையில் நாள் முழுக்கப் பகிடி விடுகிற வாய் இது.

முதல் வகுப்பில் திரை நிறையப் பெண்கள். விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்குவமாகச் சொன்னார்.

"ஐயா, மகளுக்கு லொகின் பண்ணிக் குடுத்திட்டீங்கள் எண்டால் நீங்கள் எழும்பலாம்."

"மிஸ், மகளே நான்தான்."

எல்லா மைக்கும் ஒன்றாகச் சிரித்தது. அன்றிலிருந்து அந்த வகுப்பில் எனக்குப் பெயர் 'மகள்'.

இரண்டாம் பருவத்தில் அந்த ஒப்படை வந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளையை, அதன் இயல்பான சூழலில், மூன்று தடவைகள் ஒவ்வொரு மணித்தியாலம் அவதானித்து எழுத வேண்டும். "நீங்கள் அங்க இல்லாத மாதிரி இருக்கோணும். கண்டதை மட்டும் எழுதுங்கோ" என்று மிஸ் சொன்னார். மற்றவர்கள் எந்தப் பிள்ளை என்று யோசித்தார்கள். எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. மூன்று சனிக்கிழமை, மூன்று மணித்தியாலம், பல்கலைக்கழகத்தின் கட்டளை. யார் என்ன சொல்ல முடியும்? பக்கத்து வீட்டில் நாலு பிள்ளைகள் நாள் முழுக்கக் கத்திக்கொண்டு திரிகின்றன, அதில் ஒன்றைப் பாருங்களேன் என்றாள் மனைவி. அந்தப் பிள்ளைகளுக்கு விருத்தி கூடிவிட்டது என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, சேட்டை அயன் பண்ணப் போனாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

சம்மந்தி வயல்களும் ஒரு நெல் ஆலையும் உள்ள போடியார். மகனும் ஆலையில்தான் வேலை. மனிதர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாங்க மச்சான், வாங்க! கம்பஸ் ஆள் வந்திரிக்காரு, கதிரையத் தொடைங்க!"

மேசையில் வட்டிலப்பம், மஸ்கட், ரோல்ஸ், இரண்டு வகை பிஸ்கட், உரித்த தோடம்பழம். எதிர்க் கதிரையில் என் மகன், என்னைப் போலவே அயன் பண்ணிய சேட்டோடு. அவனும் அந்த வீட்டுக்கு இப்போதுதான் வந்தவன் போலக் கையைத் தொடையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"கடை எப்பிடி வாப்பா?"

"போகுது மகன்."

பிறகு மருமகள் பிள்ளையைக் கூட்டிவந்தாள். இரண்டரை வயது. பெருநாளைக்குத் தைத்த ஜுப்பா, முகம் முழுக்கப் பவுடர், கண்ணில் சுறுமா, படிய வாரிய எண்ணெய்த் தலை. எங்கள் பக்கம் தகப்பன் வாப்பா, பாட்டன் அப்பா. அந்த வீட்டில் இருக்கும் பாட்டன் வெறும் அப்பா. நான் கல்முனை அப்பா, ஏதோ பஸ்ஸின் பெயர்ப்பலகை மாதிரி.

"கல்முனை அப்பாக்கு சலாம் சொல்லுங்க, மகன்."

சொன்னான்.

"சூறா ஓதிக் காட்டுங்க."

பாதி ஓதினான். மீதிக்குப் பதிலாக "பிஸ்கட்?" என்றான். எல்லோரும் சிரித்தோம். அவனை ஒரு கதிரையில் இருத்தினார்கள். அவன் என்னைப் பார்த்தான், நான் அவனை அவதானித்தேன். நான் அங்கே இல்லாத மாதிரி இருக்கப் பார்த்தேன். "காக்கா, ஒண்டும் எடுக்கல்லயே" என்று அண்ணன் முறை வைத்துத் திரைச்சேலைக்குப் பின்னாலிருந்து சம்மந்தியின் மனைவி ஐந்து நிமிசத்துக்கு ஒரு தரம் நான் இருப்பதை உறுதிப்படுத்திக்கொண்டிருந்தா.

ஒப்படை திரும்பி வந்தது. மிஸ் ஓரத்தில் எழுதியிருந்தார்: பிள்ளை ஒரு மணித்தியாலம் கதிரையில் இருந்ததை இயல்பான சூழல் என்று ஏற்க முடியாது. உணவு வகைகள் பற்றிய அரைப் பக்கம் அவசியமற்றது.

சரி, சொல்லாமல் போனால்தான் இயல்பான சூழல் கிடைக்கும் என்று முடிவுகட்டினேன். நாற்பது பெண்களோடு படித்தவனின் புத்தி அவ்வளவுதான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, போன் எடுக்காமல், பழப் பை இல்லாமல், சேட்டைக் கூட வெளியே விட்டுக்கொண்டு போய் அவர்கள் கேற்றில் நின்றேன்.

சம்மந்தியின் மனைவி முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் கையிலிருந்த சாரனை அப்படியே போட்டுவிட்டு நெஞ்சில் கை வைத்தா.

"யா அல்லாஹ்! காக்கா, ஆரு மௌத்து?"

"ஒருத்தரும் மௌத்தாகல்ல."

"மறைக்காம சொல்லுங்க காக்கா. மச்சிக்கா?"

"மச்சி ஊட்ட சோறாக்கிறா. நான் சும்மா, படிப்பு விசயமா..."

சனங்கள் நம்பினால்தானே. ஒரு சம்மந்தி கிழமை நாளில், பழப் பை இல்லாமல் வந்து நிற்கிறான் என்றால் அது மரணச் செய்திதான். ஒரு சாச்சி அழத் தொடங்கிவிட்டாள். மற்றவள் ஆலைக்குப் போன் எடுத்தாள். பத்து நிமிசத்தில் மகன் மோட்டர் சைக்கிளை முற்றத்தில் சரித்துப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"வாப்பா! உம்மாக்கு என்ன?"

"ஒண்டுமில்ல மகன். ஒப்படை."

அவன் அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். கோபம் வந்தது, பிறகு போனது, பிறகு சிரிப்பு வந்தது. தலைமயிர், புருவம், காதுமடல் எல்லாம் உமி. பழைய பெனியன், ஆயில் படிந்த சாரன். மூன்றரை வருடத்தில் என் மகனை அயன் பண்ணாமல் பார்த்தது அன்றைக்குத்தான். பிள்ளை அவன் காலைக் கட்டிக்கொண்டது. அவன் ஒரு கையால் அதன் தலையைத் தடவிக்கொண்டே மற்றக் கையால் கண்ணுக்குள் போன உமியை எடுத்தான். எடுக்கும்போது வாயைத் திறந்து வைத்துக்கொண்டான். சின்ன வயதில் ஊசிக்கு நூல் கோர்க்கும் உம்மாவைப் பார்க்கும்போதும் இப்படித்தான் வாயைத் திறந்திருப்பான்.

வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் எழுதி அனுப்பினேன். மிஸ் இந்த முறை எழுதவில்லை, போனே எடுத்துவிட்டார்.

"ஐயா, பேரப்பிள்ளையைப் பற்றி நாலு வரி இருக்குது. மிச்சம் இரண்டரைப் பக்கம் உங்கட மகனைப் பற்றி. அவருக்கு என்ன வயசு?"

"இருபத்தெட்டு, மிஸ்."

"அஞ்சு வயசுக்குட்பட்ட பிள்ளை எண்டு சொன்னனான்."

"கொஞ்சம் கூடிப்போச்சு மிஸ்."

அவர் சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "மூண்டாவதும் இப்பிடி எண்டால் வேற பிள்ளையை எடுங்கோ. பக்கத்து வீட்டுப் பிள்ளை எண்டாலும் பரவாயில்லை. இல்லாட்டில் இந்தப் பாடம் உங்களுக்குச் சித்தியில்லை."

சித்தியில்லாமல் போவது எனக்குப் பழக்கம். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தோடு மூன்று தரம் மோதியவன். வேறு பிள்ளை என்றதுதான் குத்தியது. வேறு பிள்ளை என்றால் சம்மாந்துறைக்குப் போக எனக்கு ஒரு சாட்டும் இல்லை.

அந்தக் கிழமை முழுக்க என் வாப்பாவின் நினைவு. நான் கல்முனைக்கு மாப்பிள்ளையாக வந்த பிறகு, அவர் மௌத்தாகும் வரை பதினொரு வருடம், நிந்தவூரிலிருந்து சைக்கிளில் வருவார். எப்போதும் ஜும்ஆ தொழுத பிறகு. ஹேண்டிலில் ஒரு மீன் அல்லது ஒரு பனிஸ் பை. கதிரையின் நுனியில் இருப்பார். நான் எதிரில் இருப்பேன். "மழ இங்காலயும் பெய்ததா?" என்பார். "ஓம் வாப்பா" என்பேன். தேத்தண்ணி குடித்துவிட்டு, "அப்ப நான் வாறன் மகன்" என்று எழும்புவார். நான் ஒரு நாளும் இன்னும் கொஞ்சம் இருங்கள் என்று சொன்னதில்லை. மாமி வீட்டில் நானே ஒரு ஓரமாக இருந்த காலம். என் தகப்பனுக்கு இடம் கேட்க எனக்கு வாய் இல்லை. அவரும் கேட்கவில்லை. நான் படுக்கிற அறை எது என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது. சைக்கிள் வீதியில் ஏறியதும் நான் சேட்டைக் கழற்றிவிட்டுக் குசினிக்குள் போவேன், பெரிய வேலை ஒன்று முடிந்த மாதிரி. குடும்ப உறவுகள் என்ற பாடத்தில் இதையெல்லாம் எந்த அலகில் சேர்ப்பார்கள் என்று நான் தேடிப் பார்த்தேன். காணவில்லை.

மூன்றாவது தரம் முறைப்படி போன் எடுத்துவிட்டுத்தான் போனேன். பெரும்போக நெல் வெட்டு முடிந்த நேரம். வீட்டு முற்றத்துச் சீமெந்துக் களம் முழுக்க நெல் காயப் போட்டிருந்தது. நெல்லிலும் ஒரு கண் வைக்க வசதியாக, போடியார் என்னை விறாந்தையில் இருத்தினார்.

"மச்சான், என்னை இண்டைக்கு விருந்தாளியா நினைக்காதீங்க" என்றேன்.

அவர் முகம் கறுத்தது. "ஏன் மச்சான்? எங்கட பக்கத்தால என்ன குறை?"

"குறை ஒண்டும் இல்ல. புள்ள தன்ட பாட்டுல விளையாடணும், நான் ஒரு மூலைக்குள்ள இருக்கணும், அவ்வளவுதான்."

"எங்கட ஊட்ட வந்து நீங்க மூலைக்குள்ள இரிக்கிறதா? ஊர் என்ன சொல்லும்?"

மஸ்கட் வந்தது. பவுடர் போட்ட பிள்ளை வந்தது. இந்தப் பாடமும் போச்சு என்று நோட்டை மூடினேன்.

அப்போதுதான் அம்பாறைப் பக்கம் வானம் கறுத்து, ஒரு குளிர் காற்று நெல்லின் மேல் வந்து விழுந்தது. போடியார் கையிலிருந்த கிளாசை எங்கே வைத்தார் என்று தெரியாது.

"மழ! மழ! படங்கக் கொண்டாங்க!"

வீடே முற்றத்துக்குப் பாய்ந்தது. சாச்சிமார் நெல்லைக் கூட்டத் தும்புத்தடியோடு, மருமகள் அள்ளக் கடகத்தோடு, மகன் அயன் பண்ணிய சேட்டோடேயே. நான் முறைப்படி வந்தால் திரைச்சேலையைத் தாண்டாத சம்மந்தியின் மனைவி பேரனைத் தூக்கிவந்து என் மடியில் போட்டா.

"காக்கா, இவனப் புடிங்க! உட்டுராதீங்க!"

அந்த வீட்டில் யாரும் என்னிடம் ஒரு வேலை சொன்னது அதுதான் முதல் தரம்.

பிள்ளை துள்ளினான். "நெல்லு! நெல்லு! உடு!" என்று கத்தினான். நான் இறுக்கினேன். என் மணிக்கட்டைக் கடித்தான். சலாம் சொன்ன வாய்க்குள் இவ்வளவு பல் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. பவுடரெல்லாம் கண்ணீரோடு வழிந்து என் சேட்டில் பூசியது. "கல்முன, உடு!" என்றான். அப்பாவும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் கல்முனை.

முதல் துளிகள் விழுந்தன. மகன் நெல்லை மூடும் படங்கின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினான், வழுக்கினான், எழும்பினான். பிள்ளை கத்துவதை நிறுத்திவிட்டு என் தோளைப் பிடித்து எழும்பி நின்றான்.

"வாப்பா நனையிறாரு" என்றான்.

"ஓம் மகன்."

"நனையிறாரு!"

"ஓம்."

நான் பேரனை அவதானிக்க வந்தவன். அவன் விளையாட வேண்டியவன். இரண்டு பேரும் மழைக்குள் ஓடுகிற ஒரே ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். மகன் ஒவ்வொரு தரம் வழுக்கும்போதும் என் கழுத்தில் இருந்த சின்னக் கை இறுகியது. மழையில் கால் வைக்காத நான் கொஞ்ச நேரத்தில் மடி முழுக்க நனைந்திருந்தேன். அது மழைத் தண்ணீர் இல்லை.

நெல் தப்பியது. தெப்பமாய் நனைந்து வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். மருமகள்தான் முதலில் கண்டாள்.

"அல்லாஹ்! மாமா, சாரன் எல்லாம்... மகன்ட வேலயா? இரிங்க, இவருட சாரன் ஒண்டு தாறன்."

என் மகனின் சாரனை உடுத்துக்கொண்டு கல்முனைக்கு வந்தேன். காரைதீவுச் சந்தியில் சிவப்பு விளக்கு இல்லை; இருந்திருந்தால் தாண்டியிருப்பேன்.

நடந்ததை நடந்தபடி எழுதினேன். அவதானிப்பாளர் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்ததும், பிள்ளையின் கவனம் தகப்பனில் இருந்ததும், அவதானிப்பாளரின் கவனமும் அங்கேயே இருந்ததும். மிஸ் எழுதினார்: நீங்கள் தலையிட்டிருக்கிறீர்கள், இது விதிமுறைக்கு மாறானது. கீழே 'சாதாரண சித்தி' என்று இருந்தது. மனைவி அதைப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லி, நாலு பிள்ளைகளுக்கும் டொபி கொடுத்தாள்.

பாடம் முடிந்தது. அடுத்த சனிக்கிழமை வந்தது. அதற்கடுத்ததும். நான் கடையில் நின்று அடையாள அட்டைகளுக்குப் போட்டோக்கொப்பி எடுத்தேன். சனிக்கிழமை மூன்று மணி ஆனதும் கை தானாகச் சேட்டு நுனியை இழுத்துவிடும்.

மனைவிதான் சொன்னாள். "அந்தச் சாரன் கழுவி மடிச்சு வெச்சிரிக்கன். குடுக்கப் போறன் எண்டு சொல்லிப் போங்களன்."

"சாரன் குடுத்து முடிஞ்சா?"

"முடிஞ்சா வேற சாட்டுத் தேடலாம்."

"எத்தினை சாட்டு?"

நான் கடைக்கு வந்து மகனுக்குப் போன் எடுத்தேன். ஆலை மெசின் சத்தம். அவன் வெளியே வரும் வரை பொறுத்தேன்.

"என்ன வாப்பா, சொல்லுங்க."

"ஒண்டுமில்ல மகன். இண்டைக்கு அங்கால வரட்டா?"

"படிப்பா?"

"படிப்பு முடிஞ்சி. சும்மா."

மெசின் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

"கேட்டுச் சொல்றன் வாப்பா" என்றான்.

அவனைக் குறை சொல்ல என்னால் முடியாது. என் வாப்பா கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவே இல்லை. நான் கேட்டுவிட்டேன். கேட்டபிறகு, கடையில் நின்ற ஒரு பிள்ளை ஒரு பக்கம் கேட்க ஆறு பக்கம் அடித்துக் கொடுத்தேன்.

கால் மணித்தியாலத்தில் போன் வந்தது. மருமகளின் குரல்.

"மாமா, இதென்ன கேள்வி? உம்மா ஏசுறா. வாங்க. ஆனா ஒண்டு, நாங்க எல்லாரும் களத்துல, உங்களோட கதைக்க ஒருத்தரும் இரிக்க மாட்டம்."

கடையை அப்படியே பூட்டினேன். பழக் கடையை மோட்டர் சைக்கிள் தாண்டிவிட்ட பிறகுதான் பை நினைவு வந்தது. திரும்பவில்லை.

கேற் திறந்தே கிடந்தது. சம்மந்தியின் மனைவி நெல்லுத் தூசி பிடித்த முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு களத்து மூலையிலிருந்து எட்டிப் பார்த்தா.

"புள்ள நித்திர, காக்கா. இப்பதான் படுத்தான். எழுப்பட்டா?"

"வேணாம், வேணாம். உங்கட வேலயப் பாருங்க."

"அப்ப விறாந்தையில, பாயில கிடக்கான். ஈ மொய்க்கும், கொஞ்சம் பாத்துக்கங்க."

அவ போய்விட்டா. நான் பாயின் பக்கத்தில், நிலத்தில் இருந்தேன். ஜுப்பா இல்லை, பவுடர் இல்லை. இடுப்பில் ஒரு சின்னக் களுசான், வயிறு முழுக்க வேர்வை, கழுத்து மடிப்பில் அழுக்கு. ஒரு கையில் காய்ந்த நெல்மணிகள் ஒட்டியிருந்தன. நான் ஒரு பழைய பேப்பரை மடித்து விசிறினேன். முக்கால் மணித்தியாலம் கடந்தது என்று நினைக்கிறேன், நேரம் பார்க்கவில்லை. ஆலையிலிருந்து களத்து வேலைக்கு வந்திருந்த மகன் ஒரு தரம் தண்ணீர் குடிக்க வந்தான். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, குடத்தைச் சரித்துக் குடித்துவிட்டுப் போனான்.

பிள்ளை அசைந்தான். கண்ணைத் திறந்து நேரே என்னைப் பார்த்தான். சலாம் சொல்லவில்லை, அழவில்லை, எழும்பவும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மற்றப் பக்கம் திரும்பி, காலைத் தூக்கி என் முழங்காலில் போட்டுக்கொண்டு நித்திரையானான்.